ஆந்திரே சித்ரோயனும் அவர்தம் இரு வண்டிகளும்

பெரியோர் சரித்திரம் எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசரையும் போர்வீரரையும் புலவரையுமே நாடுவர். தொழிற்சாலை நிறுவிப் பொருள் செய்து விற்றவரைப் பற்றி எழுதுவோர் சிலரே. நாம் இங்கு எழுத எடுத்துக்கொண்டது மோட்டார் வண்டி செய்து விற்ற ஒரு பிரெஞ்சுக்காரரின் சரித்திரம். ஆந்திரே சித்ரோயன் என்னும் அவர் பெயரை வண்டிகளின் முகப்பிற் கண்டவர் பலர். அப்பெயர் ஒரு மனிதருடையது என்பதை எண்ணியவர் சிலராகவே இருத்தல் கூடும்.

அவர் தொழிற்சாலையினின்று வெளிவந்த வண்டி வகைகள் பல. அவற்றுள் 1919-ஆம் ஆண்டில் வந்த முதல் வண்டியையும், 1934-ஆம் ஆண்டில் வந்த இறுதி வண்டியையும் மட்டும் நாம் அருகருகே நிறுத்திக் காண விரும்புகின்றோம். முன்னது அவரை உயர்த்திற்று. பின்னது அவரை வீழ்த்திற்று. ஆயினும் இவ்விரண்டனுள் எது மேலானது என்று வினவின், வீழ்த்தியதே மேலானது என்பது நம் துணிபு. அங்ஙனமாயின் மேலானதைச் செய்தவர் கெட்டது எதனால்? இவ்வினாவே நம்மை இதனை எழுதத் தூண்டியது.

சித்ரோயன் 1878-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 5-ஆம் தேதி பாரிஸ் மாநகரிற் பிறந்தார். தந்தையார் லெவி சித்ரோயன், ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்து குடியேறிய வைர வியாபாரி. தாயார் வார்ஸா நகரத்தினர். யூத குலத்தினராகிய இவர்களுக்கு ஆந்திரே ஐந்தாவது மகவு, கடைக்குட்டி. முன்னோருள் ஒருவர் எலுமிச்சம்பழம் விற்று வாழ்ந்தமையால் அப்பழத்தின் பெயரே குடிப்பெயராக நின்றது என்பர். பாரிஸில் அப்பெயரின் ஓரெழுத்தின்மேல் இரு புள்ளிகள் ஏறின, ஒலி மாறிற்று, எலுமிச்சையின் மணமும் ஒருவாறு மறைந்தது. முற்றும் மறைந்ததென்று சொல்வதற்கில்லை. 1922-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சிறு வண்டி மஞ்சள் நிறம் பூண்டு வந்தபோது, பாரிஸ் மக்கள் அதனை எலுமிச்சம்பழம் என்றே அழைத்து நகைத்தனர்.

ஆந்திரேக்கு ஆறு வயது நடக்கும்போது, 1884-ஆம் ஆண்டில், தந்தையார் வியாபாரத்தில் நேர்ந்த இடரால் மனமுடைந்து தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டார். கடனும் நஷ்டமும் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை அச்சிறுவர் நேரிற் கண்டார். அவ்வாறு கண்டவர் பின்னாளிற் பணத்தில் மிக்க எச்சரிக்கையுடையவராய் இருந்திருப்பார் என்று நாம் கருதுதல் இயல்பு. அவரோ அதற்கு நேர்மாறானவர்.

ஷூல் வெர்ன் எழுதிய கதைகளில் அவருக்கு இளமையிற் பெருவிருப்பம். 1889-ஆம் ஆண்டில் ஐஃபெல் கோபுரம் வானளாவ எழுந்து நிற்கக் கண்டபோது அவருக்கு வயது பதினொன்று. அவர் யந்திர சாஸ்திரம் கற்கத் துணிந்தமைக்கு இவ்விரண்டுமே காரணம் என்று அவர் சரித்திரம் எழுதினோர் கூறுவர். பின்னர் பிரான்ஸ் தேசத்தின் புகழ்பெற்ற பாலிடெக்னிக் கல்லூரியிற் பயின்று 1900-ஆம் ஆண்டில் வெளிவந்தார். அதற்கு முந்திய ஆண்டிலேயே தாயாரும் காலஞ்சென்றார்.

அவ்வாண்டிற் போலந்து தேசத்திலிருந்த உறவினரைக் காணச் சென்றவிடத்து ஒரு சிறு பொருள் அவர் கண்ணிற் பட்டது. அது பற்சக்கரம், ஆனால் அதன் பற்கள் நேராக இல்லை, இரு புறத்தினின்றும் சாய்ந்து வந்து நடுவிற் கூடிக் கூம்பு போல் நின்றன. இதன் சிறப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். நேரான பற்களையுடைய சக்கரங்கள் சுழலும்போது ஒரு பல் முழுவதும் மற்றொரு பல்லின்மேல் ஒருங்கே மோதும். ஓசையும் தேய்வும் மிகும். பற்களைச் சாய்த்து வெட்டினால் அவை ஓரத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகப் பொருந்தும், ஓசை குறையும். ஆனால் சாய்வின் காரணமாகச் சக்கரம் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். இருபுறச் சாய்வும் நடுவிற் கூடினால் ஒரு தள்ளலை மற்றொரு தள்ளல் அடக்கிவிடும். சக்கரம் தன் நிலையில் அமைதியாகச் சுழலும். இதன் உரிமையை விலைக்கு வாங்கிய சித்ரோயன், பாரிஸுக்குத் திரும்பி, அத்தகைய சக்கரங்களை எஃகிற் செய்து விற்கும் தொழிலை நண்பர்களுடன் கூடித் தொடங்கினார். இன்றும் அவர் பெயர் தாங்கிய வண்டிகளின் முகப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரு கூம்புகள் இப்பற்களின் உருவமே. இதனை அறியாதார் இராணுவச் சின்னம் என மயங்குவதுண்டு.

அடுத்து, நலிந்திருந்த மோர்ஸ் என்னும் மோட்டார் கம்பெனியைச் சீர்செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. அதனைத் திறம்பட முடித்தார். 1912-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையைக் கண்டார். 1914-இல் ஜார்ஜினா பிங்கன் என்னும் மாதரை மணந்தார். அவ்வாண்டிலேயே மகாயுத்தம் மூண்டது. பீரங்கிப் படையிற் சேவித்த சித்ரோயன், பிரெஞ்சுப் படைக்குக் குண்டுகள் போதவில்லை என்பதை உணர்ந்து, நாளொன்றுக்குப் பல்லாயிரம் குண்டு வார்க்கத் தம்மால் இயலும் என்று அரசாங்கத்தாரிடம் விண்ணப்பித்தார். ஸேன் நதிக்கரையில் ழவேல் என்னும் இடத்தில் 1915-இல் தொழிற்சாலை எழுந்தது. யுத்தம் முடிவதற்குள் 2 கோடிக்கு மேற்பட்ட குண்டுகள் அங்கிருந்து சென்றன. தொழிலாளருட் பெரும்பகுதியினர் பெண்மக்கள். அவர்களுக்கு உணவுச்சாலையும், மருத்துவ சாலையும், குழந்தைகளைப் பேணும் இடமும் தொழிற்சாலைக்குள்ளேயே அமைத்துக் கொடுத்தார். அக்காலத்தில் இது புதுமை.

யுத்தம் ஓய்ந்தது. குண்டு வாங்குவார் இல்லை. பெரிய தொழிற்சாலையும், யந்திரங்களும், பழகிய கைகளும் இருக்கின்றன. இவற்றைக் கொண்டு யாது செய்வது? சித்ரோயன் இதற்கு விடையை யுத்தம் முடியுமுன்னரே எண்ணி வைத்திருந்தார். முதலிற் பெரியதொரு வண்டிக்குத் திட்டம் வரையப்பட்டிருந்தது. செல்வர்க்கேற்ற அத்திட்டத்தை அவர் கைவிட்டார். அது காப்ரியேல் வுவாஸேன் என்னும் விமானத் தொழிலாளரின் கைக்குப் போயிற்று. (இவர் பெயரை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்க.) தாம் செய்யப்போவது சிறு வண்டி, மலிவான வண்டி, ஒரே வகை வண்டி என்று சித்ரோயன் துணிந்தார். ஷூல் சாலமோன் என்பவர் அதனை வகுத்தார். 1919-ஆம் ஆண்டில் முதல் வண்டிகள் வாங்கியவர் கையிற் சேர்ந்தன. ஏ வகை என்பது அதன் பெயர்.

அதன் எஞ்சின் நான்கு உருளைகளை உடையது. கொள்ளளவு 1327 கன சென்டிமீட்டர். ஆற்றல் 18 குதிரைச் சக்தி. மணிக்கு 65 கிலோமீட்டர் ஓடும். முன்சக்கரங்களுக்குப் பிரேக் இல்லை. எஞ்சின் முன்னே இருக்க, அதன் ஆற்றல் அடியில் ஓடும் நீண்ட தண்டின் வழியாகப் பின்சக்கரங்களைச் சென்றடையும். எஃகுச் சட்டத்தின்மேல் உடலைத் தனியே ஏற்றி வைத்திருந்தனர். இவற்றுள் ஒன்றேனும் அக்காலத்திற் புதிதன்று. அப்படியாயின் அவ்வண்டி புகழடைந்தது எதனால்?

அந்நாளில் ஐரோப்பாவில் மோட்டார் வண்டி வாங்குவது ஏறத்தாழ வீடு கட்டுவது போன்றதொரு காரியம். தொழிற்சாலையார் பெரும்பாலும் சட்டமும் எஞ்சினும் சக்கரமும் மட்டுமே கொடுப்பர். வாங்கியவர் அதனைக் கூண்டு கட்டுவோரிடம் கொண்டு சென்று, மரமும் தோலும் தேர்ந்து, மாதக்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். விளக்குக்கு ஒரு விலை. டயருக்கு ஒரு விலை. சித்ரோயனின் வண்டியோ உடல், மேற்கூரை, மின்சார விளக்கு, எஞ்சினை முடுக்கும் மின்சாரக் கருவி, மேலதிகச் சக்கரம் ஆகிய அனைத்துடனும் வந்தது. பணம் கொடுத்தவர் ஏறி ஓட்டிச் செல்ல வேண்டியதே மீதி. தொடக்கத்தில் 7,250 பிராங்க் என்று விலை அறிவித்தார். அது நிலைக்கவில்லை, பின்பு உயர்ந்தது. நாள்தோறும் 100 வண்டி செய்வேன் என்று அவர் அறிவித்தபோது நகைத்தவர் பலர். 1921-ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 24,000 வண்டிகள் வெளிவந்தன. ஐரோப்பாவில் ஃபோர்டின் முறையைத் தழுவிப் பெருந்தொகையாகச் செய்யப்பெற்ற முதல் மோட்டார் வண்டி இதுவே.

ஆகவே ஏ வகையில் புதியது வண்டியன்று. அதனைச் செய்த முறையும் விற்ற முறையுமே புதியன. இதனை மாணவர்கள் ஊன்றிக் கருதுதல் வேண்டும். இரண்டாம் வண்டியை நோக்குங்கால் இது பயன்படும்.

இவ்விரு வண்டிகளுக்கும் இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளைப் பற்றித் தனிநூலே எழுதலாம். தவணையிற் பணம் கட்டி வண்டி வாங்க ஏற்பாடு செய்தார். பிள்ளைகள் விளையாடச் சிறு பொம்மை வண்டிகள் செய்வித்தார். நாளைய வாங்குவோரை இன்றே தொட்டிலிற் பிடித்தல் என்னே தந்திரம்! 1922-இல் ஆகாய விமானத்தின் புகையாற் பாரிஸின் வானத்தில் தம் பெயரை எழுதுவித்தார். 1925 முதல் 1934 வரை ஐஃபெல் கோபுரத்தில் 2,50,000 மின்விளக்குகளால் அவர் பெயர் இரவுதோறும் ஒளிர்ந்தது. பதினொரு வயதில் அண்ணாந்து நோக்கிய கோபுரத்தில் தம் பெயரையே ஏற்றிக் கண்ட மனிதர் உலகில் வேறொருவர் இலர்.

பின்புறம் சக்கரத்துக்கு மாறாக ரப்பர்ப் பட்டை பூட்டிய அவருடைய வண்டிகள் 1922-ஆம் ஆண்டு டிசம்பரிற் புறப்பட்டு, ஸஹாராப் பாலைவனத்தைக் கடந்து, 1923 ஜனவரியில் திம்பக்துவை அடைந்தன. 1924-இற் புறப்பட்ட மற்றொரு கூட்டம் ஆப்பிரிக்கா முழுவதையும் ஊடறுத்து மடகாஸ்கர் வரை சென்றது. 1931-இல் பெய்ரூத்திலிருந்து பீக்கிங் நோக்கிச் சென்ற கூட்டம் நம் தேசத்துக் காஷ்மீரத்தின் வழியே போயிற்று. சரிந்தும் குறுகியும் கிடந்த மலைப்பாதையில் வண்டிகளைப் பகுதி பகுதியாகக் கழற்றிச் சுமந்து, அப்பாற் சென்று மீண்டும் பூட்டினர். இரு வண்டிகள் கில்கித் வரை சென்றன. அங்கு அவற்றை விடுத்து மட்டக்குதிரைகளின்மேல் மலையைக் கடந்தனர். சீனத்தினின்று எதிரே வந்த கூட்டத்தாருடன் கலந்து 1932 பிப்ரவரியிற் பீக்கிங் சேர்ந்தனர். தலைமை தாங்கிய ஹார்ட் என்பவர், சித்ரோயனின் உற்ற நண்பர், திரும்பும் வழியில் ஹாங்காங்கில் நோயுற்று உயிர்நீத்தார். அது சித்ரோயனுக்கு ஈடு செய்யவியலாத இழப்பு.

இனி இருண்ட பக்கத்தையும் மறைத்தலாகாது. தோவீல் நகரத்துச் சூதாட்ட மண்டபத்தில் ஓரிரவிற் பெரும்பொருள் தோற்றுப் புன்முறுவலுடன் எழுந்து செல்வார் என்பது பத்திரிகைகளுக்கு விருந்தாயிற்று. இதனை வைத்து அவர் கெட்டது சூதினால் என்று கூறுவாரும் உளர். நாம் அதனை ஒப்புவதில்லை. சூதாட்ட மண்டபத்திற் போனது அவர் சொந்தப் பொருள். கம்பெனியை அழுத்தியதோ கடன். தொழிற்சாலையை விரிக்கும்தோறும் கடன் வாங்கினார். விற்பனை பெருகும்வரை கடன் தோன்றவில்லை. 1929-ஆம் ஆண்டில் 1,00,000-க்கு மேற்பட்ட வண்டிகள் செய்து விற்றவரை, அடுத்து வந்த உலகப் பொருள் முடை தாக்கிற்று. வேறொருவராயின் கையை மடக்கிக்கொண்டிருப்பர். அவரோ 1933-ஆம் ஆண்டில் ழவேல் தொழிற்சாலையை இடித்துச் சில மாதங்களுக்குள் புதிதாகக் கட்டினார். இடித்துக் கட்டும்போதும் வண்டிகள் வெளிவந்துகொண்டே இருந்தன. ஆற்றின் மறுபுறத்திற் போட்டியாளராகிய லூயி ரெனோவின் தொழிற்சாலை பெருகி வந்தமை அவர் உள்ளத்தை உறுத்திற்று என்பர்.

அதே 1933-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆந்திரே லெஃபெவ்ர் என்னும் எஞ்சினீயர் அவரிடம் வந்து சேர்ந்தார். இவர் பல்லாண்டு வுவாஸேனிடம் பயின்றவர். விமானம் வகுக்கக் கற்றவர். பெரிய வண்டியின் திட்டத்தை வுவாஸேனுக்குக் கொடுத்துவிட்டுச் சிறு வண்டியால் உயர்ந்த சித்ரோயனுக்கு, இரண்டாம் வண்டியை வகுத்தவர் அவ்வுவாஸேனின் பட்டறையினின்றே வந்தது வியப்பன்றோ! உடலின் உருவத்தை அமைத்தவர் ஃப்ளமினியோ பெர்த்தோனி என்னும் இத்தாலியச் சிற்பி. வண்டி 1934 ஏப்ரலில் மக்கள் முன் நின்றது. இடையிற் கழிந்தவை பதின்மூன்று மாதங்களே.

த்ராக்ஸியோன் அவான் என்பது அதற்கு வழங்கும் பெயர். முன்னிழுப்பு என்பது பொருள். எஞ்சினின் ஆற்றல் பின்சக்கரத்துக்குச் செல்லாமல் முன்சக்கரங்களையே சுழற்றும். அடியில் ஓடும் நீண்ட தண்டு இல்லையாதலால் வண்டியின் தளத்தைத் தரையோடு நெருங்கத் தாழ்த்த முடிந்தது. ஏ வகையில் ஏறுவோர் படி மிதித்து ஏறவேண்டும். இதில் நடைபாதையினின்று உள்ளே காலெடுத்து வைத்தால் போதும். தாழ்ந்த வண்டி வளைவுகளிற் சாயாது. தரையைப் பற்றிக்கொண்டு ஓடும். தனிச் சட்டம் என்பதும் இல்லை. எஃகுத் தகடுகளை ஒன்றாகப் பற்றவைத்து முட்டையோடு போல் உடலே வலிமை தாங்குமாறு செய்திருந்தனர். வில்தட்டுகளுக்கு மாறாக நீண்ட எஃகுக் கோல்கள் முறுகி அதிர்ச்சியைத் தாங்கின. நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் பிரேக் இருந்தது. எஞ்சினின் கொள்ளளவு ஏ வகையினதைவிடச் சிறிது குறைவே, 1303 கன சென்டிமீட்டர். ஆற்றலோ 32 குதிரைச் சக்தி.

இவற்றுட் பலவற்றைப் பிறர் தனித்தனியே முயன்று பார்த்திருந்தனர். அனைத்தையும் ஒரே வண்டியிற் சேர்த்து, ஆயிரக்கணக்கிற் செய்து, நடுத்தர மக்களுக்கு விற்கத் துணிந்தவர் இவரே. முன்சக்கரம் இழுப்பதும், உடலே சட்டமாவதும் பின்னாளிற் சிறு வண்டிகளின் பொது இலக்கணமாயின. நம் தெருக்களில் ஓடும் சிறு வண்டிகளும் பெரும்பாலும் அவ்விலக்கணம் உடையனவே.

ஆனால் 1934-ஆம் ஆண்டில் அதனை வாங்கியவர்க்கு இப்பெருமை எதற்கு உதவும்? முன்சக்கரம் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அதற்குரிய மூட்டுகள் ஓடும்போதே முறிந்தன. பற்றவைத்த உடல்களில் விரிசல் கண்டது. தானே கியர் மாற்றிக்கொள்ளும் பெட்டியொன்றை முதலில் வைக்க எண்ணி, அது சூடேறிப் பழுதுபடவே, இறுதி நேரத்தில் அதனை நீக்கி, மூன்று வேகங்களுடைய சாதாரணப் பெட்டியை அவசரமாக வகுத்துப் பூட்டினர். பழுதுபட்ட வண்டிகள் விற்பனைச் சாலைகளுக்குத் திரும்பி வந்தன.

இரண்டு வண்டிகளையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது நமக்குத் தோன்றுவது இது. அவசரம் இரண்டிலும் உண்டு. 1919-ஆம் ஆண்டு வண்டியும் யுத்தம் முடிந்த சில மாதங்களுக்குள் விரைந்து செய்யப்பட்டதே. ஆனால் அதன் உறுப்புகள் யாவும் பிறர் பட்டறைகளிற் பழகித் தேறியவை. விரைவு அவற்றைக் கெடுக்கவில்லை. 1934-ஆம் ஆண்டு வண்டியில் ஒவ்வோர் உறுப்பும் புதிது. புதியதற்குக் காலம் வேண்டும். அக்காலத்தை வாங்கும் பணம் சித்ரோயனிடம் இல்லை. இருந்த பணம் ழவேலின் புதிய சுவர்களாய் நின்றது. தொழிற்சாலையை ஓராண்டு கழித்துக் கட்டியிருந்தால், அல்லது வண்டியை ஓராண்டு கழித்து வெளியிட்டிருந்தால், கம்பெனி அவர் கையிலேயே இருந்திருத்தல் கூடும். சிலர் வண்டியையே குறை கூறுவர். குறை வண்டியின் கருத்தில் இல்லை. நாட்களின் கணக்கில் இருந்தது.

கடன் கொடுத்தோர் நெருங்கினர். பாங்கிக்காரர் கைவிட்டனர், அரசாங்கமும் கைகொடுக்கவில்லை. 1934-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி கம்பெனி நீதிமன்றத்தின் பொறுப்பிற் சென்றது. தந்தையார் மாண்டு ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தையாரைப் போல் அவர் முடிவு தேடவில்லை. நோயே அவரைத் தேடி வந்தது. வயிற்றிற் புற்றுநோய் கண்டு, கம்பெனியையும் செல்வத்தையும் இழந்த நிலையில், 1935-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 3-ஆம் தேதி பாரிஸில் உயிர்நீத்தார். வயது ஐம்பத்தேழு. மோன்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

பெருங்கடன் கொடுத்திருந்த மிஷ்லேன் டயர்க் கம்பெனியார் தொழிற்சாலையை ஏற்றனர். அவர்கள் த்ராக்ஸியோனைக் கைவிட்டிருக்கலாம், விடவில்லை. மூட்டுகளைத் திருத்தினர், உடலை உறுதி செய்தனர். அவ்வண்டி 1957-ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 7,60,000 வரை செய்யப்பட்டது. இரண்டாம் மகாயுத்த காலத்தில் ஜெர்மானியரை எதிர்த்து மறைந்து போரிட்டவர்களும் அதனையே ஓட்டினர்; அவர்களைத் துரத்தியவர்களும் அதனையே ஓட்டினர்; யுத்தத்தின் பின் திருடரும் போலீஸாரும் அவ்வாறே.

லெஃபெவ்ரும் பெர்த்தோனியும் அத்தொழிற்சாலையிலேயே இருந்தனர். அதனை அடுத்து வரவேண்டிய பெரிய வண்டியைப் பற்றி 1938-ஆம் ஆண்டிலேயே எண்ணத் தொடங்கினர், டி.எஸ். என்னும் அவ்வண்டி 1955-ஆம் ஆண்டு அக்டோபரிற் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது. இடையில் யுத்தம் வந்து தடுத்தது உண்மையே. எனினும் புதிய தலைவர்கள் நாட்களைச் செலவிட அஞ்சவில்லை என்பதும் உண்மை. கண்காட்சியின் முதல் நாளிலேயே 12,000 பேர் அதற்குப் பெயர் பதிவு செய்தனர்.

ழவேல் தொழிற்சாலை பின்னர் மூடப்பட்டு, அவ்விடத்தில் 1992-ஆம் ஆண்டில் ஒரு பூங்கா திறக்கப்பெற்றது. அதற்கு ஆந்திரே சித்ரோயன் பூங்கா என்று பெயர். முன்னிருந்த ழவேல் துறைக்கும், கடைசி த்ராக்ஸியோன் வெளிவந்த அடுத்த ஆண்டாகிய 1958-இலேயே, நகரத்தார் அவர் பெயரைச் சூட்டியிருந்தனர்.